நாலு பவுண்டு காற்று



கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் எழுதிய கட்டுரைகளை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். தேயிலைப் பச்சையையும் மூடுபனியையும் ஸ்திராபெரிப் பழத்தையும் பற்றி அவர்கள் குறைவில்லாமல் எழுதிவிட்டார்கள். நானும் அந்த மலைக்குத்தான் உங்களை அழைத்துப் போகிறேன். ஆனால் என் எண்ணமெல்லாம் வழிநெடுகச் சக்கரங்களின் மேலேயே இருக்கும். காரணம் இருக்கிறது. அந்த மலையில் என் தங்கை மகன் காறை எலும்பு முறிந்து கிடந்தான். அவன் வண்டிக்குக் காற்று அடித்துக் கொடுத்தவன் நான்.

பீடோர் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியர். பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் பெற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் தங்கை மகனும் ஆறு ஆண்டுகள் அதே பள்ளியில் படித்தவன். குலை வெட்டும் வேலை தனக்கு ஒத்துவராது என்று சொல்லி, பிரிஞ்சாங் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். நல்ல உழைப்பாளி. தவுக்கேக்கும் அவனைப் பிடித்துவிட்டது.

அந்தத் தவுக்கே தெலுக் இந்தானில் ஒரு பழைய ஏ.டி.வி. வண்டியை விலைக்கு வாங்கினார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டாருக்கு இருப்பதுபோல் பிடி, குதிரைமேல் உட்காருவதுபோல் இருக்கை, கீழே பலூன்போல் பருத்த நாலு டயர்கள். நம் ஆட்கள் இதற்கு 'நாலு சக்கர மோட்டார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரே பாதி வினைக்குக் காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மோட்டார் என்றால் மோட்டாருக்கு அடிக்கிற காற்றைத்தானே அடிக்கத் தோன்றும்! உல்லாசப் பயணிகளை ஏற்றிக் காட்டுப் பாதையில் ஓடும் வண்டியும் இதுதான். சில தோட்டங்களில் மண்டோர்மார் ஏறிப் போவதும், மலைத் தோட்டங்களில் உர மூட்டையும் கோசுக் கூடையும் சுமப்பதும் இதுதான். பொதுச்சாலையில் ஓட்டுவதற்கான வண்டி அன்று. அதனால் லோரியில் ஏற்றித்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பள்ளி விடுமுறை. "மாமா, லோரியில ஒரு ஆளுக்கு இடம் இருக்கு, வரீங்களா?" என்று கேட்டான். எனக்கும் மலைக்குப் போய் நாளாகிவிட்டது. துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தாப்பாவில் பசியாறினோம். ரொட்டி சானாய் சாப்பிட்டுக் கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், லோரியின் மேல் கட்டியிருந்த வண்டியின் டயர்கள் நாலும் அடியில் சப்பையாகப் பிதுங்கிக்கொண்டிருந்தன. கட்டை விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. "என்னடா இது, காற்றே இல்லையே?" என்றேன். பக்கத்தில்தான் பெட்ரோல் நிலையம். லோரியை அங்கே ஒதுக்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருந்த ஆங்கில எழுத்துகளைத் தேடிப் படித்தேன். 36 என்ற எண் கண்ணில் பட்டது. சதுர அங்குலத்திற்கு 36 பவுண்டு. பழைய டயர் தாங்காது, 25 போதும் என்று நானாகவே ஒரு நிதானத்தைக் காட்டினேன். அடித்து முடித்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டங்கென்றது. "சயிக்கிளுக்குச் சொன்னேனே, ஞாபகமிருக்கா? காற்று இறுகினால்தான் சக்கரம் லேசாக ஓடும்" என்று அவனுக்குப் பாடமும் நடத்தினேன். அவனும் தலையாட்டினான். என்னிடம் படித்த பிள்ளை வேறென்ன செய்வான்?

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இப்போது மலைக்கு வேறு வழிகளும் உண்டு என்றாலும், பழைய பாதை இதுதான். 1885-இல் நில அளவைக்காக வந்த வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரரின் பெயர் மலைக்கு நிலைத்தது. ஆனால் அவருக்குப் பின் பல ஆண்டுகள் சாலை கிடையாது. 1926-இல் தொடங்கிய சாலை வேலை 1931-இல்தான் முடிந்தது. ஒவ்வொரு வளைவிலும் நம் லோரி முனகிக்கொண்டு திரும்பும்போது, யந்திரம் குறைந்த அந்தக் காலத்தில் மலையை வெட்டியவர்களின் தோள்களை நான் நினைத்துக்கொண்டேன்.

வழியில் மூங்கில் புதர்கள். அஸ்லி மக்கள் சிறு சிறு கொட்டகை போட்டுப் பெத்தாயும் தேனும் விற்கிறார்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்கி முகம் கழுவினோம். அங்கே தாண்டிய பிறகு காது அடைக்கத் தொடங்கியது. எச்சில் விழுங்கினால் 'பொட்'டென்று திறக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அடைக்கும். தாப்பாவில் ஒரு கெரொப்போ பாக்கெட் வாங்கி மடியில் வைத்திருந்தேன். ரிங்லெட் வரும்போது அது மத்தளம்போல் உப்பிவிட்டது. என் தங்கை மகன் அதைத் தட்டித் தாளம் போட்டான். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் இதைக் கண்டு சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். என் அறிவியல் பாடம் முழுவதும் என் மடியிலேயே உப்பிக்கொண்டு கிடந்ததை அப்போது நான் உணரவில்லை.

ரிங்லெட் வந்தால் பகாங் மாநிலத்தில் இருக்கிறோம். அங்கே தெரிகிற ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிய நீர். அதைத் தாண்டி ஹாபு. 1929-இல் ரசல் என்பவர் தேயிலை போடத் தொடங்கிய போ தோட்டத்தின் ஆதி இடம் இந்தப் பக்கந்தான். நம் ஜனங்கள் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்த சரிவுகள் அவை. இன்று அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். நம்மவர்களின் பிள்ளைகள் கடையிலும் ஹோட்டலிலும் காய்கறித் தோட்டத்திலும் வாகன வேலையிலும் இருக்கிறார்கள். தானா ராத்தா என்றால் மலாயில் சமதரை என்று பொருள். அந்த மலையில் சமதரை அபூர்வம் என்பதால்தான் அதற்கு ஒரு பெயரே கொடுத்திருக்கிறார்கள் போலும்.

பிரிஞ்சாங் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலையை விட்டு இறங்கினால் செம்மஞ்சள் களிமண் பாதை. ஒரு பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட படிப்படியான பாத்திகள், மறு பக்கம் சரிவும் வாய்க்காலும். பலகை வைத்து வண்டியை இறக்கினார்கள். தங்கை மகன் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"மாமா, வண்டி ரொம்பத் துள்ளுது" என்றான்.

"புது வண்டி. பழகப் பழகச் சரியாயிடும்" என்றேன்.

வாசகர்களே, அந்த ஒரு பதிலை நான் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் எதையும் கொடுப்பேன்.

இரண்டாம் நடையில் முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கூடை. பாதையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல் இடது முன்சக்கரத்தில் பட்டது. பெரிய கல்கூட இல்லை, தேங்காய் அளவு இருக்கும். சக்கரம் பந்துபோல் மேலே எழும்பியது. இறங்கும்போது ஈரக் களிமண்ணில் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு சரிவுப் பக்கம் போனது. அவன் ஒரு பக்கம் தெறித்து விழ, வண்டி ஒரு புரளல் புரண்டு வாய்க்கால் கரையில் முட்டி நின்றது. வண்டியின் கனம் 280 கிலோ. அவன் விழுந்த பக்கமே அதுவும் புரண்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, காறை எலும்பு முறிவு என்றார்கள். கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினார்கள். இரவு தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் அழவில்லை. சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நீங்க கூடத்தானே இருந்தீங்க, அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் தவுக்கே ஒரு பெரியவரை அழைத்து வந்தார். நம்மவர்தான். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் லேண்ட் ரோவர் ஓட்டியவர். இப்போது சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு வண்டி பழுது பார்க்கிறார். கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தகரம் துருப்பிடித்து, கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, காய்கறி ஏற்றி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் பாதி இப்படிப்பட்ட பெரியவர்களின் கையால்தான் உயிரோடு இருக்கின்றன.

அவர் வளைந்த பிடியைப் பார்க்கவில்லை, உடைந்த விளக்கைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து டயரைக் கட்டை விரலால் அழுத்தினார்.

"யாரு காத்து அடிச்சது?"

"நான்தான் ஐயா."

"எவ்வளவு?"

"இருபத்தைந்து."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வாத்தியாரே, இது பந்து இல்ல, தலையணை" என்றார். பிறகு ஈரத் துணியால் பின்சக்கரத்து மட்காட்டைத் துடைத்தார். மண் படிந்து மறைந்திருந்த ஒரு சிறிய ஒட்டுத்தாள் வெளியே வந்தது. அதில் வண்டி செய்த கம்பெனி தெளிவாக எழுதியிருந்தது: முன்சக்கரம் 4 பவுண்டு, பின்சக்கரம் 4 பவுண்டு. நான் அடித்தது அதைப்போல் ஆறு மடங்கு!

அப்படியானால் டயரில் படித்த 36? அதையும் அவரே காட்டினார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னும் சில சொற்கள் இருந்தன. நான் அவசரத்தில் படிக்காமல் விட்டவை. புது டயரை ரிம்மில் பொருத்தும்போது அதன் ஓரம் ரிம்மோடு கவ்வி உட்காருவதற்காகக் காற்றை ஏற்றுவார்கள். அப்போதுகூட இந்த அளவைத் தாண்டக்கூடாது என்கிற எச்சரிக்கை அது. ஓரம் உட்கார்ந்ததும் காற்றை இறக்கி, ஓட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். டயரில் இருப்பது எல்லை. வண்டியின் ஒட்டுத்தாளில் இருப்பதுதான் அளவு. பிள்ளைகளுக்குக் கேள்வியை முழுவதும் படித்துவிட்டு விடை எழுதச் சொல்கிறவன் நான். வெட்கமாகப் போய்விட்டது.

பெரியவர் சொன்னதை அன்றிரவு விடுதி அறையில் ஒரு தாளில் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் காட்டுகிறேன், எளிய வகுத்தல்தான். வண்டி 280 கிலோ, ஓட்டுகிறவன் 70 கிலோ, ஆக 350. பவுண்டில் சொன்னால் ஏறத்தாழ 770. நாலு சக்கரத்துக்கும் பங்கிட்டால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 190 பவுண்டு. காற்று சதுர அங்குலத்திற்கு 4 பவுண்டு என்றால், இந்தச் சுமையைத் தாங்க 48 சதுர அங்குலம் தரையில் படிய வேண்டும். நம் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்து அட்டை அளவு. காற்று 25 பவுண்டு என்றால் 8 சதுர அங்குலம்கூட வேண்டாம். உள்ளங்கை அளவு! டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்கும் என்பதால் இது துல்லியமான கணக்கன்று. ஆனாலும் நடந்தது இதுதான். புத்தகம் அளவு பாதங்களோடு ஈரக் களிமண்ணில் நடக்க வேண்டிய வண்டியை நான் குதிகால் செருப்பு மாட்டி அனுப்பிவிட்டேன்.

துள்ளலுக்கும் காரணம் அதுவே. காற்று குறைந்த டயர் கல்லின்மேல் ஏறும்போது கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு உருண்டுவிடும். இறுகிய டயரால் அது முடியாது. கல் எவ்வளவு உயரமோ அவ்வளவும் வண்டி எழும்பியாக வேண்டும். சயிக்கிளுக்கு நான் சொன்ன பாடம் தார்ச்சாலைக்குச் சரி. தரை கெட்டியாக இருக்கும்போது டயர் இறுக்கமாக இருந்தால் மிதிப்பது லேசு. தரையே குழைந்து கிடக்கும்போது டயர்தான் அதற்குத் தக வளைந்துகொடுக்க வேண்டும். செம்பனைத் தோட்டங்களில், அதுவும் கரிமண் நிலங்களில், அகலமான டயர் மாட்டிய சிறு டிராக்டர்களை விடுவது எதற்கென்று இப்போது உங்களுக்கு விளங்கும். தடம் ஆழமாக விழுந்தால் வண்டி புதைவது ஒரு பக்கம். மழைத்தண்ணீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு மண்ணை அரித்துப் போவது இன்னொரு பக்கம்.

பெரியவருடைய லேண்ட் ரோவர் காலத்துக் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அடைமழையில் மேடேறும் முன்பு வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்திலும் காற்றை இறக்குவாராம். முப்பதுக்குப் பக்கம் இருப்பது இருபதுக்குக் கீழே வரும். கேஜ் இல்லாத நாளில் வாயால் எண்ணிக்கொண்டே இறக்குவார். நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணிக்கை. மேட்டில் மெதுவாக, ஒரே சீராக ஏறுவார். தார்ச்சாலை வந்ததும் மறுபடி கைப்பம்பால் அடித்து ஏற்றிவிட்டுத்தான் புறப்படுவார். "இறக்குறது எல்லாருக்கும் தெரியும் வாத்தியாரே, ஏத்துறதுக்குத்தான் சோம்பேறித்தனம். அப்படியே தார் ரோட்டுல வேகமா ஓட்டி டயர் சூடேறி வெடிச்சவனும் இருக்கான்" என்றார்.

காற்று கூடினால் மட்டுந்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். நாலு பவுண்டு வேண்டிய டயரில் இரண்டுதான் இருந்தால், கல்லில் மோதும்போது ரிம்மே நேராக அடிபட்டு நெளியும். சரிவில் குறுக்காகப் போகும்போது டயரின் பக்கச்சுவர் மடிந்து, ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். அந்த இடத்தில் வண்டி சாய்ந்தால் நிறுத்த ஆளில்லை. பிடியும் கனத்துவிடும்.

இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதைப் பெரியவர் மூன்று தடவை சொன்னார். காரில் ஒரு சக்கரத்தில் 30, இன்னொன்றில் 29 இருந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு பவுண்டு என்பது நாலில் ஒரு பங்கு. ஒரு பக்கம் டயர் உயர்ந்து மறு பக்கம் தாழ்ந்து, நேரே போக வேண்டிய வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். அது சரிவுப் பக்கமாக இருந்துவிட்டால்? அதனால்தான் இந்த வண்டிக்குக் காற்று பார்க்க அதற்கென்று தனிக் கேஜ் வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்து பவுண்டு வரை மட்டும் காட்டுகிற சிறிய கேஜ். கார், மோட்டாருக்கு உள்ள கேஜில் இந்த நாலு பவுண்டு முள்ளின் தொடக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு கிடக்கும், நம்பிப் படிக்க முடியாது. பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயும் இதற்கு ஆகாது. கண் இமைக்கும் நேரத்தில் அளவைத் தாண்டிவிடும். கால் பம்போ கைப் பம்போதான் நல்லது. காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற பிறகோ ஓடி வந்த பிறகோ பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

இனி அந்தக் கெரொப்போ பாக்கெட்டுக்கு வருகிறேன்.

பெரியவர் விடைபெறும் முன் என்னைப் பார்த்து, "கீழே சரியா நாலு அடிச்சிருந்தாலும் இங்க வந்து நாலு இருக்காது, தெரியுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தெரிந்திருக்க வேண்டியவன்தான். நம் எல்லார் மீதும் காற்று மண்டலம் அழுத்திக்கொண்டிருக்கிறது. கடல்மட்டத்தில் அது சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு. மேலே ஏற ஏறத் தலைக்கு மேல் நிற்கும் காற்று குறைவதால் அழுத்தமும் குறையும். பிரிஞ்சாங் போல 1,500 மீட்டர் உயரத்தில் அது 12 பவுண்டுக்குச் சற்று மேல்தான். கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். வெளியே குறைந்தால் வித்தியாசம் கூடும். பாக்கெட் உப்பியதும் அதனால்தான், காது அடைத்ததும் அதனால்தான்.

மேலே குளிர் இருக்கிறதே, காற்று சுருங்காதா என்று நீங்கள் கேட்கலாம். சுருங்கும். அதையும் சேர்த்தே கணக்குப் போட்டேன். தாப்பாவில் 32 டிகிரி வெயிலில் 4 பவுண்டு அடித்த டயர், பிரிஞ்சாங்கில் 20 டிகிரி குளிரில் ஐந்தரை பவுண்டுக்கு மேல் காட்டும். திருப்பிப் பாருங்கள். மலையில் சரியாக 4 அடித்துவிட்டுத் தாப்பாவுக்கு இறக்கினால் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். இதே கணக்கைக் காரின் 30 பவுண்டுக்குப் போட்டால் மாற்றம் ஒரு பவுண்டைக்கூட எட்டாது. அதனால்தான் வேனிலும் பஸ்ஸிலும் போய் வருகிற நமக்கு இது தெரிவதே இல்லை. சிறிய அளவில் ஓடுகிற வண்டிக்கு மலையே ஒரு பம்பாகிவிடுகிறது.

"நம்ம பக்கத்து வண்டி ஒண்ணக் கீழே வித்தாங்க. இங்க பார்த்த காத்தோட இறக்கி, அங்க போனதும் ஓட்டியிருக்கான். முதல் நாளே ரிம் டயரைக் கடிச்சிடுச்சி" என்றார் பெரியவர். அவருக்கு 14.7-ம் தெரியாது, 12-ம் தெரியாது. முப்பது ஆண்டுகள் மலை ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டது. பள்ளியில் வாயுவைப் பற்றிப் பாடம் நடத்துகிற எனக்கு ஏட்டில் இருந்தது மலைமேல் ஞாபகம் வரவில்லை.

தோட்டத்துத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டிகள் இப்போது நம் பக்கமும் வரத் தொடங்கிவிட்டன. நிறுத்தி வைத்திருந்தால் பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள், சாவி இருந்தால் முடுக்கவும் செய்வார்கள். பெரியவர்களுக்கான வண்டியைப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை ஓட்டக்கூடாது. ஒருவர் ஏறும் வண்டியில் பின்னால் இன்னொருவரை ஏற்றவும் கூடாது. ஓட்டுகிறவன் தன் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்துத்தான் இதைச் சமாளிக்கிறான். பின்னால் ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் அவன் எப்படிச் சாய்வான்? என் தங்கை மகனின் தலைக்கவசத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் இருந்தது. அதை நான் பையில் வைத்துக் கொண்டுவந்து வகுப்பில் காட்டினேன்.

ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. அதுவரை சம்பளத்தில் பாதிதான் வந்தது. மீதியை நான் கொடுக்கப் போனேன், தங்கை வாங்கவில்லை. கோபமா, பாசமா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த விடுமுறையில் மறுபடி போனேன். இந்தத் தடவை பஸ்ஸில். ஈப்போவில் ஒரு கடையில் பத்து பவுண்டு கேஜ் ஒன்றை வாங்கிப் பையில் வைத்திருந்தேன். பிரிஞ்சாங் முருகன் கோயிலில் ஒரு சூடம் கொளுத்திவிட்டு, தங்கை மகன் தங்கியிருந்த கொட்டகைக்கு நடந்தேன். விடிந்தும் விடியாத நேரம். பனி இன்னும் பாத்திகளின் மேல் கிடந்தது. அவன் ஏற்கெனவே வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் ஒரு கேஜ். பெரியவர் கொடுத்தாராம். மட்காட்டு ஒட்டுத்தாளைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தான். கொட்டகைச் சுவரில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை ஆணியில் மாட்டி, தேதிவாரியாக நாலு கட்டம் போட்டு எழுதிவருகிறான். நான் கற்றுக்கொடுத்த அதே கட்டம்.

"மாமா, எழுதுங்க. முன்னால இடது நாலு. முன்னால வலது நாலு. பின்னால இடது மூணே முக்கால்."

நான் எழுதினேன். மூணே முக்காலுக்குக் காற்று ஏற்றுவதற்காகக் கால் பம்பை எடுக்கப் போனேன்.

"நீங்க எழுதுங்க மாமா, போதும்" என்று சிரித்துக்கொண்டே பம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.